ஒற்றைக்குழல் துவக்கு வாங்குமுன்: மாத்தளைச் சரிவுத் தோட்டக்காரருக்குச் சில விளக்கங்கள்

"அண்ணே, ஒரு துவக்குக்கு எழுதிப் போட்டால் தருவாங்களா? தந்தால் எந்த மாதிரி எடுக்கிறது?"

மேல்வீட்டுத் தம்பி இதைக் கேட்டபோது நாங்கள் இருவரும் அவருடைய கொக்கோ மரங்களின் கீழ் நின்றோம். இரத்தோட்டைப் பக்கம் சரிவான நிலம். ஒன்றரை ஏக்கரில் மிளகு, கொக்கோ, இடையில் வாழை, எல்லையோரம் பன்னிரண்டு தென்னை. மலை அணில் துளைத்த கொக்கோக் காய்கள் மரத்திலேயே கறுத்துத் தொங்கின. விதையைச் சுற்றியிருக்கும் இனிப்புச் சதைதான் அதற்கு வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். தென்னைக்கடியில் குரும்பைகள் சிதறிக் கிடந்தன. அது குரங்கு வேலை. அந்த மாதம் அவருக்குக் கையில் வந்தது உரத்துக்குக் கொடுத்த காசுகூட இல்லை.

என்னிடம் ஏன் கேட்டார் என்றால், ஊரில் துவக்கைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் என்று எனக்கொரு பெயர் இருக்கிறது. நான் பிறந்தது இங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1983க்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போனோம். அங்கே எங்கள் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் சொட்கன் ஒன்று இருந்தது. கச்சான் தோட்டத்துக்குப் பன்றி வரும் காலத்தில் அதைத் துடைத்து எண்ணெய் போடுவது என் வேலை. சில வருடங்களில் அந்தத் துவக்கு வீட்டைவிட்டுப் போய்விட்டது. யார் எப்படி வாங்கிப் போனார்கள் என்பதை வன்னியில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2011இல் மாமாவின் காணியைப் பார்க்க ஆளில்லை என்று மாத்தளைக்குத் திரும்பி வந்தேன்.

தம்பிக்கு அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் கேட்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும்.

உரிமம் என்ற முதல் வேலி

மாத்தளைக்காரருக்குத் துவக்கு உரிமம் புதிய தலையிடி அல்ல. 1848இல் ஆளுநர் டொரிங்டன் விதித்த வரிகளில் ஒன்று, துவக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங். நாய்க்கும் வரி போட்டார்கள். மலைநாட்டுச் சேனைக்காரனுக்குப் பயிர்க்காவல் என்று இருந்தவை இந்த இரண்டும்தான். அந்த ஜூலையில் தம்புள்ளையில் தொடங்கி மாத்தளை நகருக்குள் வந்த கிளர்ச்சியின் காரணங்களில் இந்த வரிகளும் அடங்கும். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று நடைமுறையில் இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்காகச் சொட்கன் கேட்பவர் மாவட்டச் செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பொலிஸ் அறிக்கை, செய்கைபண்ணும் காணி யாருடையது என்பதற்கான ஆவணம் ஆகியவை கேட்கப்படும். உரிமம் டிசெம்பர் 31 வரைதான் செல்லுபடியாகும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத துவக்கு சட்டத்தின் கண்ணில் கள்ளத் துவக்குதான். "பத்து வருசமாக வைத்திருக்கிறேன், எல்லோருக்கும் தெரியும்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது.

காணி ஆவணம் என்ற இடத்தில்தான் நம்மவர்களில் பாதிப்பேர் நின்றுபோகிறார்கள். லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட்டிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அந்த நிலம் சொந்தமில்லை. குத்தகைக்கு மிளகுத் தோட்டம் எடுத்தவருக்கும் அது சொந்தமில்லை. மீள்குடியேறிய இடத்தில் இன்னும் உறுதி கிடைக்காத குடும்பத்துக்கும் இதே கதை. குரங்கு உறுதி பார்த்து வருவதில்லை, உரிமம் மட்டும் உறுதி பார்த்து வருகிறது. சட்டத்தைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. உறுதியில்லாமல் துவக்கு எல்லோர் கைக்கும் போக வேண்டும் என்று கேட்கும் ஆளும் நானில்லை. ஆனால் உரிமம் எடுக்க வழியில்லாதவர்தான் கடைசியில் கட்டுத்துவக்கிடம் போகிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

சட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம், தானியங்கித் துவக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடக்கூடிய ரிபீட்டர் வகைச் சொட்கன்களையும் தனியாகப் பிரித்து மிகக் கடுமையான தண்டனைக்குள் வைத்தது. ஆகவே ஒற்றைக்குழலா, பல வெடியா என்று யோசிக்கும் தேவையே இங்கில்லை. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடுகிற, நடுவில் மடிகிற சொட்கன்தான் தோட்டக்காரருக்கு உரியது.

எந்த விலங்கைச் சுடலாம் என்பது வேறு சட்டம்: 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். துவக்குக்கு உரிமம் இருப்பது, கண்ணில் படும் எல்லாவற்றையும் சுடுவதற்கான உரிமம் அல்ல. பன்றிக்கு ஒரு நிலை, மயிலுக்கு வேறு நிலை. செங்குரங்கு இலங்கைக்கு மட்டுமே உரியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அருகிவரும் இனமாக இருக்கிறது. அமைச்சர்கள் மேடையில் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் விலங்கின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

சின்னச் சன்னம் தூரம் போகும்

இனித் துவக்கைப் பற்றி.

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் சின்னத் தொல்லை விலங்குகளைச் சுடுவதற்கென்றே ஒற்றைவெடி ரைபிள்கள் உண்டு. மார்ட்டினி வகை, வின்செஸ்டர் 1885, ரூகர் நம்பர் 1 என்று பெயர் பெற்றவை. அவற்றுக்கென்று சின்னத் தோட்டாக்களும் உண்டு: பொயின்ற் 22 லோங் ரைபிள், 22 ஹோர்னெட், 222 ரெமிங்டன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு அணிலும் மிஞ்சாது" என்று தம்பியும் சொன்னார்.

அந்த ரைபிள்கள் பிறந்தது பரந்த புல்வெளிகளில். இருநூறு மீற்றர் தள்ளி, தரையில் நிற்கும் சின்ன விலங்கு. சன்னம் தவறினால் மண்ணில் புதையும். மாத்தளைத் தோட்டத்தில் இலக்கு எங்கே இருக்கிறது? தென்னையின் தலையில், கராம்பு மரத்தின் நுனியில். துவக்கின் வாய் வானத்தைப் பார்க்கிறது. சன்னத்துக்குப் பின்னால் அதைத் தாங்குவதற்கு எதுவும் இல்லை. சரிவின் கீழே லயம், பாடசாலை, தண்ணீர் எடுக்கும் பீலி, கொழுந்து எடுக்கும் பெண்கள்.

பொயின்ற் 22 சன்னம் கச்சான் பருப்பு அளவுதான். எடை 2.6 கிராம். ஆனால் அது ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடியது. 22 ஹோர்னெட்டின் சன்னம் கிட்டத்தட்ட அதே எடை. வேகம் விநாடிக்கு 800 மீற்றருக்கு மேல். இரத்தோட்டைச் சரிவில் அணிலைத் தவறவிட்ட சன்னம் எந்த ஊரில் விழும் என்று சுட்டவருக்கே தெரியாது. வானிலிருந்து விழும் சன்னம் என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பயிர்க்காவலுக்கு இங்கே ரைபிள் கிடைப்பது பெரும்பாலும் இல்லை என்பது தனிக்கதை. கிடைத்தாலும் மரத்தில் இருப்பதைச் சுட ரைபிள் வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

12 போர் சொட்கனின் கதை நேர்மாறானது. குழலின் விட்டம் கிட்டத்தட்ட 18.5 மில்லிமீற்றர். வெளிவரும் சக்தி 2,000 ஜூலுக்கு மேல். பொயின்ற் 22 ஐப் போல் பத்து மடங்குக்கும் அதிகம். ஆனால் அது பல துண்டாகப் பிரிந்து போகிறது. 6ஆம் இலக்கத் தோட்டாவில் 28 கிராம் ஈயம் ஏறக்குறைய 270 சன்னங்களாக இருக்கும், ஒவ்வொன்றும் 2.6 மில்லிமீற்றர். கடுகுக்குப் பெரியது, மிளகுக்குச் சின்னது. முப்பது, முப்பத்தைந்து மீற்றர் வரைதான் அதற்கு வேலை செய்யும் சக்தி. இருநூறு மீற்றரைத் தாண்டினால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பெரிய துவக்கு, குறுகிய கை. சரிவுத் தோட்டத்துக்கு வேண்டியது அந்தக் குறுகிய கைதான்.

ஆபத்து எங்கே வருகிறது என்றால் தோட்டா மாறும்போது. "எஸ்.ஜி. போட்டால் எல்லாத்துக்கும் ஆகும்" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. எஸ்.ஜி. சன்னம் ஒன்று 8.4 மில்லிமீற்றர், 28 கிராமுக்கு எட்டுச் சன்னம்தான். எல்.ஜி. அதைவிடப் பெரியது. பன்றிக்கு அது சரி. பன்றி தரையில் நிற்கிறது. அதே எஸ்.ஜி.யை மரத்துக்கு மேலே சுட்டால் அந்த எட்டும் அரைக் கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடும். தோட்டாவை எடுக்கும்போதே பிரித்து வையுங்கள்: சின்னச் சன்னம் ஒரு தகர டப்பாவில், எஸ்.ஜி. வேறு டப்பாவில், வேறு அலமாரியில். இருட்டில் தடவி எடுக்கும் கைக்கு இலக்கம் தெரியாது.

410 என்ற மெல்லிய சொட்கன் ஒன்று உண்டு. குழல் விட்டம் பத்து மில்லிமீற்றரை ஒட்டியது. எடை குறைவு, உதையும் குறைவு. அணிலுக்கும் அதைப் போன்றவற்றுக்கும் மனதார நான் சொல்லக்கூடியது அதுதான். ஆனால் அதன் தோட்டாவைத் தேடி அலைய வேண்டிவரும். 12 போருக்குத் தோட்டா கிடைப்பது போல மற்றவற்றுக்குக் கிடைக்காது. தோட்டா கிடைக்குமா என்று கேட்டு அறிந்தபிறகே துவக்கின் அளவைத் தீர்மானியுங்கள்.

வாயு ரைபிள்

குரங்குக்கு வாயு ரைபிள் கொடுக்கலாம் என்ற பேச்சு அண்மைய வருடங்களில் அடிக்கடி எழுகிறது. 4.5 மில்லிமீற்றர், 5.5 மில்லிமீற்றர் என்று இரண்டு அளவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய வாயு ரைபிளின் சக்தி எல்லை சுமார் 16 ஜூல். பொயின்ற் 22 இன் சக்தியில் பத்தில் ஒரு பங்கு. சத்தம் குறைவு, தூரம் குறைவு, ரவை மலிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வளர்ந்த ஆண் செங்குரங்கு ஐந்து, ஆறு கிலோ. பதினாறு ஜூல் அதைக் கொல்லாது. கண்ணைக் குருடாக்கும், வயிற்றில் புகுந்து நாட்கணக்கில் சீழ் பிடிக்க வைக்கும். குட்டியைக் கட்டிக்கொண்டு கொப்பில் இருக்கும் பெண் குரங்குக்குப் பட்டால் இரண்டு உயிர். உடம்புக்குள் இரும்புத் துண்டோடு பதினைந்து வருடமாக நடக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். குளிர் நாளில் அவர்கள் எப்படி நடப்பார்கள் என்றும் தெரியும். அதனால் இந்த விடயத்தில் நான் நடுநிலையான ஆளில்லை. அணில் ஒன்றைக் கிட்டத்தில் சரியாகக் குறிபார்க்கத் தெரிந்தவருக்கு வாயு ரைபிள் ஒரு கருவி. குரங்குக் கூட்டத்துக்கு நேரே அதைப் பிடிப்பது சித்திரவதை, பயனும் இல்லை.

வாயு ரைபிளுக்கு ஒன்றும் தேவையில்லை, காசு கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வாங்குமுன் மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். தமிழ்ப் பெயருள்ளவர் வீட்டில் உரிமம் இல்லாத ரைபிள் ஒன்று அகப்பட்டால், அது வாயுவா வெடிமருந்தா என்று பார்ப்பதற்கு முன்பே பல கேள்விகள் வந்துவிடும்.

பழைய துவக்கு பார்க்கும் முறை

இங்கே புதிய சொட்கன் எடுப்பவர் குறைவு. யாரோ ஒருவரின் தகப்பனார் வைத்திருந்தது, உரிமம் மாற்றி எடுக்கலாம் என்று வரும். உரிம மாற்றம் முடியும்வரை அதைக் கையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உரியவர் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் துவக்கை மடித்து அறை வெறுமையா என்று பாருங்கள். விற்பவர் "வெறும் துவக்கு" என்று சொன்னாலும் பாருங்கள். பெரியப்பா தானே ஒரு நிமிடத்துக்கு முன் மடித்துப் பார்த்த துவக்கை என் கையில் தரும்போது மறுபடி மடித்துக் காட்டித்தான் தருவார். நானும் வாங்கியதும் ஒருமுறை மடிப்பேன். மடிகிற சொட்கனின் பெரிய நன்மையே இதுதான்: மடித்திருந்தால் சுடாது, தூரத்தில் நிற்பவருக்கும் அது தெரியும்.

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். உட்சுவரில் வளையம் போல் நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் வீங்கியிருக்கிறது. எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். குளவி கூடு கட்டிய குழலைப் பாராமல் சுட்டாலும் இதே கதைதான் நடக்கும். வெளியே குழல் முழுவதும் பாம்புத் தோல்போல் சுருள் வரிகள் இருந்தால் அது டமாஸ்கஸ் குழல். கறுப்பு மருந்துக் காலத்தது. சுவரில் தொங்கவிடலாம், இன்றைய தோட்டா போடக்கூடாது.

பூட்டிய துவக்கைப் பிடித்து, குழலையும் பிடியையும் எதிரெதிராக மெல்ல அசைத்துப் பாருங்கள். தளர்ச்சி இருந்தாலோ, மூடிய இடத்தில் வெளிச்சம் தெரிந்தாலோ கம்மியரிடம் காட்டாமல் சுட வேண்டாம். அறை நீளத்தையும் கேட்டறியுங்கள். பழைய ஆங்கிலத் துவக்குகளில் 65 மில்லிமீற்றர் அறை உண்டு. இப்போது வரும் தோட்டாக்களில் பல 70. சுடாத நிலையில் தோட்டா உள்ளே போய்விடும், அதனால் சரி என்றே தோன்றும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

குழலின் வாய் ஒடுங்கியிருப்பதைச் சோக் என்பார்கள். முழுச் சோக் குழலில் 40 யார் தூரத்தில் சன்னங்களில் 70 வீதம் 30 அங்குல வட்டத்துக்குள் விழும். ஒடுக்கமே இல்லாத குழலில் 40 வீதம். சின்னச் சன்னத்துக்கு இடைப்பட்ட ஒடுக்கம் போதும். முழுச் சோக்கில் எல்.ஜி. போட வேண்டாம்.

வெளியே குதிரை தெரியும் துவக்கா, உள்ளே மறைந்த வகையா? என்னைக் கேட்டால் வெளியே தெரிவது. குதிரை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், இருட்டில் பெருவிரலால் தடவியும் அறியலாம். ஏறிய குதிரையை இறக்கும்போது விரல் வழுக்கி வெடிப்பதும் இந்த வகையில்தான். ஆகவே மடித்துத் தோட்டாவை எடுத்தபிறகு இறக்கிப் பழகுங்கள். இன்னொரு விடயம்: 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அறை வெறுமையாகத் தெரிவதால் மேலே இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும்.

சத்தம்

துவக்கு வாங்குவது பற்றி எழுதுபவர்கள் இதை எழுதுவதில்லை. 12 போர் சொட்கனின் வெடி 150 டெசிபலுக்கு மேல். பொயின்ற் 22 ரைபிள் 140ஐ ஒட்டியது. ஒரே வெடியில் காது பழுதாகக்கூடிய எல்லை 140. வாயு ரைபிள் சுமார் 100. எண்கள் இவ்வளவுதான்.

என் மனைவி முல்லைத்தீவுக்காரி. 2009 மேயில் எங்கே இருந்தாள் என்பதைச் சொன்னால் போதும். இங்கே குரங்குக்கும் யானைக்கும் வெடி போடுகிறார்கள். முதல் வருடம், விடியற்காலையில் கீழ்த் தோட்டத்தில் ஒரு வெடி விழுந்தது. அடுப்படியில் நின்றவள் அப்படியே தரையில் குந்திவிட்டாள். கையில் அகப்பை. சிறிது நேரத்தில் எழுந்து சோறு வடித்தாள், ஒன்றும் பேசவில்லை. இப்போதும் கோயில் திருவிழா வெடிக்கு முன்கூட்டியே தெரிந்தால் சமாளிப்பாள். தெரியாமல் விழும் வெடிதான் அவளால் முடியாது.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், துவக்கின் அளவைத் தீர்மானிப்பதில் அதுவும் ஒரு கணக்கு. வாங்குபவர் ஒருவர், கேட்பவர்கள் ஊர் முழுக்க. சுடுபவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். அடுத்த வீட்டு ஆச்சிக்கு யார் வைப்பது?

கட்டுத்துவக்கு

இந்த மாவட்டத்தில் விலங்குக்கு வைக்கப்படும் ஒற்றைவெடித் துவக்குகளில் சில, ஆள் இல்லாமல் சுடுபவை. ஒரு இரும்புக் குழாய், வெடிமருந்து, சன்னமாக இரும்புத் துண்டு அல்லது ஈயம், குதிரையோடு கட்டிய கம்பி அல்லது நூல். பன்றி நடக்கும் தடத்துக்குக் குறுக்கே கட்டுவார்கள். நாவுலவிலும் லக்கலையிலும் வில்கமுவவிலும் மட்டுமல்ல, வன்னிக் காட்டோரத்திலும் இதுவே. கட்டுவது குற்றம், வைத்திருப்பதும் குற்றம். ஆனாலும் கட்டுகிறார்கள். காணி உறுதி தேவையில்லை, கச்சேரிக்கு அலையத் தேவையில்லை, இரவு முழுக்க விழித்திருக்கவும் தேவையில்லை.

பன்றியின் உயரத்துக்குக் கட்டுவது மனிதனின் முழங்காலை ஒட்டிய உயரம். விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், தேன் எடுக்கப் போனவர். சில வேளைகளில் கட்டியவரே. ஒரு அடி வைத்தவுடன் காலின் கீழ்ப்பாதி போய்விடும். மிதிவெடி அகற்றிய நிலத்துக்குத் திரும்பி வந்து, கற்களின் சிவப்பு நிறத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து பழகிய சனத்துக்கு இதைவிட அதிகம் சொல்லத் தேவையில்லை. மிதிவெடியை அந்நியர் புதைத்தார்கள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். கட்டுத்துவக்கைக் கட்டியவர் நேற்று நம்மோடு தேநீர் குடித்தவராக இருப்பார்.

இடியனும் கல்கட்டாஸும் இதற்கு அடுத்த வீட்டுக்காரர்கள். வாய்வழி மருந்து இடிக்கும் இடியன் கையில் வைத்துச் சுடுவதானாலும், உள்ளூர்ப் பட்டறையில் செய்த குழல் எப்போது பின்னால் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. மெயின் மின்சாரத்தைக் கம்பியில் விடுவதும் அதே கணக்குத்தான். பன்றியோடு மனிதரும் செத்திருக்கிறார்கள். உரிமம் கிடைக்கவில்லை என்றால் இவை ஒன்றும் மாற்று இல்லை.

துவக்கு செய்யாத வேலை

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிடம், நாடு முழுக்கக் குரங்கு, மலை அணில், மயில் எண்ணச் சொன்னார்கள். நாங்களும் படிவத்தோடு நின்றோம். நாட்டில் 50 இலட்சத்துக்கும் அதிகமான செங்குரங்குகள் என்று கணக்கு வந்தது. எண்ணிய முறை சரியில்லை என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன் பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்றார்கள். 2023இல் ஒரு இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிக் கைவிட்டார்கள். மாத்தளை மாவட்டத்தில் குரங்குகளுக்குக் கருத்தடை செய்யும் முன்னோடித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் நடுவில் தோட்டக்காரர் செய்யக்கூடியது என்ன?

கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை அடுத்த தோட்டத்துக்குப் போகும். இரண்டு நாளில் திரும்பும். எங்கள் சரிவில் ஐந்து தோட்டக்காரர் சேர்ந்து, வாழைக்குலையைச் சாக்கால் மூடுவது, பழுத்த ஈரப்பலாவை மரத்தில் விடாமல் அன்றன்றே இறக்குவது, குப்பையைத் திறந்து போடாமல் இருப்பது, நாய்களை விடியற்காலையில் ஒரே நேரத்தில் அவிழ்ப்பது என்று செய்து பார்த்தோம். வாழை தப்பியது. தென்னைக்கு ஒன்றும் பலிக்கவில்லை. கொக்கோவில், முற்றிய காயை ஒன்றுக்கு இரண்டு தடவையாக வாரம் தவறாமல் பறித்ததில் அணிலின் பங்கு குறைந்தது. பன்றிக்கு, விட்டுவிட்டு அடிக்கும் குறைந்த சக்தி மின்வேலி நல்லது. செலவைப் பங்குபோட ஆள் வேண்டும்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தென்னை பன்னிரண்டையும் அண்ணாந்து பார்த்தார். "பன்றியும் வருதண்ணே" என்றார். வருகிறது, உண்மைதான். காணி உறுதி அவர் பெயரில் இருக்கிறது. விண்ணப்பம் எழுத உதவினேன். ஒற்றைக்குழல் 12 போர், வெளிக்குதிரை, 70 மில்லிமீற்றர் அறை. தோட்டா 6ஆம் இலக்கம், எஸ்.ஜி. பன்றிக்கு மட்டும், தரையில் நின்றால் மட்டும், பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும். துவக்கும் தோட்டாவும் வெவ்வேறு பூட்டுக்குள், பிள்ளைகளுக்குத் திறப்பு இருக்கும் இடம் தெரியாமல்.

கிடைக்குமா என்பது இனிக் கச்சேரியின் கையில். கிடைத்தால் என்ன செய்வது என்று மட்டும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம்: சுடுவதற்கு முன் என் போனுக்கு ஒரு மிஸ்ட் கோல். நான் அடுப்படிக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்ப ஒரு கோல் கொடுப்பேன். அதுவரை துவக்கு மடித்தபடி இருக்கும். "அதுக்குள்ள பன்றி போயிடுமே அண்ணே" என்றார் தம்பி. போகட்டும் என்றேன்.